கழற்றும் முன் சோதியுங்கள்

தீபாவளி நெருங்கிவிட்டால் விருதுநகர், சாத்தூர், சிவகாசிச் சாலைகளில் வெளியூர் கார்கள் பெருகிவிடும். டிக்கி நிறையப் பட்டாசோடு திரும்பும் வண்டிகளில் சில, வழியிலேயே பட்டறை தேடும். ஐடிலில் குலுங்கும், பிக்கப் இருக்காது, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். ஸ்கேனரில் பி0011 என்று வந்தால் போதும், “ஓசிவி போயிடுச்சு, மாத்திடலாம்” என்று தீர்ப்பாகிவிடுகிறது.

அந்தக் கோட் சொல்வது வேறு. கம்ப்யூட்டர் கேட்ட இடத்தில் கேம்ஷாஃப்ட் நிற்கவில்லை என்கிறது, அவ்வளவுதான். ஆயில் குறைந்திருக்கலாம், கசடு தட்டியிருக்கலாம், டைமிங் செயின் நீண்டிருக்கலாம். கேம்ஷாஃப்ட்டைத் திருப்பும் ஆயிலைத் திறந்து மூடுவதே ஓசிவி என்கிற ஆயில் கன்ட்ரோல் வால்வின் வேலை. அதன் வழியில் உள்ள சின்ன வலையில் கசடு அடைத்தாலும் இதே கோளாறுதான் வரும். வலையைக் கழுவி, ஆயிலை மாற்றினாலே சரியாகிற வண்டிகள் உண்டு. புது வால்வு போட்டால் நேரம் மிச்சம் என்பார்கள் சிலர். பழைய கசடு புது வால்வையும் பிடிக்கும்.

சோதனை கடினமில்லை. இன்ஜினை அணைத்து, சாக்கெட்டைக் கழற்றி, வால்வின் இரண்டு பின்களிலும் மல்டிமீட்டரை வையுங்கள். பல பெட்ரோல் இன்ஜின்களில் குளிர்ந்த நிலையில் 7 முதல் 8 ஓம் வரை காட்டும்; சரியான அளவு அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. அளவு சரியென்றால் வால்வைக் கழற்றி, பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டை ஓரிரு நொடி மட்டும் கொடுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் தண்டு நகர வேண்டும், மின்சாரத்தை எடுத்ததும் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ள வேண்டும். நெடுநேரம் கொடுத்தால் காயில் கருகிவிடும்.

என் கவலை இந்த இடத்தில்தான். பேட்டரி முனையில் வயரைத் தொடும்போது பொறி பறக்கும். தீப்பொறிக்குப் பயந்து பட்டாசு ஆலையின் மருந்து அறைகளில் இரும்புக் கருவிகளையே அனுமதிப்பதில்லை. அங்கே செய்த சரக்கு நான்கைந்து பெட்டி டிக்கியில் இருக்க, முன்பக்கம் பானெட்டைத் திறந்து பொறி பறக்கவிடுகிறோம். பேட்டரியே டிக்கியில் இருக்கும் கார்களும் உண்டு. வெயிலில் காய்ந்த பெட்டிகள், கசியும் பெட்ரோல், பக்கத்திலேயே வெல்டிங் என்று சாலையோரப் பட்டறையில் ஆபத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கிறது. மல்டிமீட்டரோடு நிறுத்திக்கொண்டு, பேட்டரி சோதனையை ஊர் போய்ச் சேர்ந்து செய்தாலும் குடி முழுகிப் போகாது.

பட்டறையில் வண்டியை விடும்போது டிக்கியில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். பெட்டிகளை வண்டியிலிருந்து தள்ளி, நிழலில் இறக்கி வைத்த பிறகே பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.