வல்லெட்டா: அரணாய் எழுந்த நகரம்

மத்தியதரைக் கடலின் நடுவே அமைந்த மால்டாத் தீவின் தலைநகரம் வல்லெட்டா. இருபுறமும் இயற்கைத் துறைமுகங்கள் சூழ்ந்த பாறைமுனையில் இந்நகர் அமைந்துள்ளது.

1565இல் உதுமானியப் படை தீவை முற்றுகையிட்டது. முனையிலிருந்த புனித எல்மோ கோட்டை ஏறத்தாழ ஒரு திங்கள் போரிட்டு வீழ்ந்தது, தீவோ வீழவில்லை. செப்டம்பரில் முற்றுகை நீங்கியது. மீண்டும் படையெடுப்பு நேருமென அஞ்சிய புனித யோவான் வீரத்துறவியர், 1566இல் அம்முனையிலேயே புதுநகருக்கு அடிக்கல் நாட்டினர். அவர்தம் தலைவர் லா வலெட், நகர் முழுமை பெறுமுன்னரே 1568இல் மறைந்தார். அவர் பெயரே நகரின் பெயராயிற்று.

கடற்காற்று உலவும்வண்ணம் தெருக்கள் நேர்கோடுகளாய் வகுக்கப்பட்டன. முற்றுகைக் காலத்திலும் குடிநீர் கிடைக்க, வீடுதோறும் மழைநீர்த் தொட்டி கட்டாயமாக்கப்பட்டது. புனித யோவான் பேராலயத்தில் கரவாஜியோ 1608இல் தீட்டிய பேரோவியத்தைக் காணலாம். மேல் பராக்கா பூங்காவில் நின்றால் பெருந்துறைமுகம் முழுவதும் கண்முன் விரியும்.

இரண்டாம் உலகப்போரில் இந்நகர் கடும் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. 1942இல் இடிந்த இசைநாடக அரங்கின் எஞ்சிய தூண்களுக்கிடையே இன்று திறந்தவெளிக் கலையரங்கு இயங்குகிறது. பகைவருக்கு அஞ்சி எழுப்பிய மதில்களைக் கொண்ட இந்நகரை, 1980இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. போருக்கென அமைந்த அரண், இன்று மாந்தர் அனைவர்க்கும் உரிய செல்வமாய்த் திகழ்கிறது.