இணையவழி விலைப்புள்ளிகளும் சங்கத்தின் பொறுப்பும்

பட்டுச் சேலைக்குப் புதிய கரை வரைவதற்கும், விளைபொருள் பைகளுக்குப் பெயர்ச்சீட்டு அமைப்பதற்கும், விலைப்பட்டியலை ஆங்கிலத்தில் எழுதுவதற்கும் இன்று சங்கங்கள் வெளியாரின் உதவியை நாட வேண்டியிருக்கிறது. இவ்வேலைகளுக்கென்று மாதச் சம்பளத்தில் ஒருவரை அமர்த்துவது சிறு சங்கத்தால் இயலாது. ஆகவே, இணையத்தின் வாயிலாகத் தனிப்பணியாளரை அமர்த்தலாமா என்னும் கேள்வி நிர்வாகக் குழுக்களில் எழுவது இயல்பே. அமர்த்தலாம், ஆனால் அங்கத்தினர்களின் பணம் என்பதை மறவாமல் அமர்த்த வேண்டும்.

இத்தகைய தளங்கள் பல உள்ளன. ஈலான்ஸ், ஓடெஸ்க் என்னும் இரு நிறுவனங்கள் 2013-ல் இணைவதாக அறிவித்து, 2015-ல் அப்வொர்க் என்னும் பெயரைப் பூண்டன. ஃப்ரீலான்சர், ஃபைவர் என்பன வேறு இரண்டு. பொதுவாக, வேலையின் விவரத்தை நாம் வெளியிடுகிறோம். பல நாட்டவரும் விலைப்புள்ளி அனுப்புகின்றனர். தேர்ந்தெடுத்தபின் பணத்தைத் தளத்தினிடம் முன்கூட்டிச் செலுத்துகிறோம். வேலையை நாம் ஏற்றபின் அது பணியாளரைச் சேருகிறது.

அறிவிப்பு வெளியான சில நிமிடங்களிலேயே விலைப்புள்ளிகள் குவியத் தொடங்கும். அவற்றுள் பெரும்பாலானவை எல்லா வேலைக்கும் பொருந்துமாறு முன்னரே எழுதி வைத்த கடிதங்கள். இக்காலத்தில் இயந்திரமே அழகிய கடிதம் எழுதித் தந்துவிடுகிறது. ஆகவே நடையழகு தகுதிக்குச் சான்றாகாது.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நம் பிள்ளைகள் பலர் வேலை செய்கின்றனர். மோட்டார்த் தொழிற்சாலைக்கு உதிரிப்பாகம் எவ்வாறு வாங்கப்படுகிறது என்று அவர்களைக் கேட்டால் தெரியும். விலை குறைவு என்பதற்காக மட்டும் எவருக்கும் ஆர்டர் கிடைப்பதில்லை. முதலில் மாதிரி வரவேண்டும். அதை அளந்து பார்த்து ஒப்புதல் தரவேண்டும். பின்னரே மொத்த உற்பத்தி. அரசுக் கொள்முதலில் உள்ள இரண்டு உறை முறையின் கருத்தும் இதுவே. தகுதி உறையைத் திறந்து தேறியவர்களைப் பிரித்தபின்னரே விலை உறையைத் திறக்கின்றனர். இணைய விலைப்புள்ளிகளுக்கும் இம்முறை பொருந்தும்.

முதலாவதாக, வேலை விவரம் தெளிவாக இருத்தல் வேண்டும். "அழகான கரை வேண்டும்" என்று எழுதினால் பயனில்லை. கரையின் அகலம், ஜக்கார்டின் கொக்கி எண்ணிக்கை, நிறங்கள், வெறும் படமா அன்றி அட்டை குத்துவதற்கேற்ற கட்டம் போட்ட வரைபடமா என்பவற்றைக் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவதாக, அறிவிப்பினுள் ஒரு கேள்வியை வைக்க வேண்டும். உதாரணமாக, "கோர்வைச் சேலையில் கரையும் உடலும் எவ்வாறு இணைகின்றன?" என்று கேட்கலாம். கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓடி, இரண்டும் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன என்பதை அறியாதவர் வரையும் கரை தறியில் ஏறாது. பதிலே தராதவர் அறிவிப்பைப் படிக்கவில்லை என்று கொண்டு முதலிலேயே நீக்கிவிடலாம்.

மூன்றாவதாக, முந்தைய வேலைகளை ஆராய வேண்டும். நட்சத்திரக் குறிகளை மட்டும் எண்ணுதல் போதாது. சிறு எழுத்துவேலைக்குப் பெற்ற பாராட்டு நெசவு வரைபடத்துக்குச் சான்றாகாது. காட்டும் படங்கள் அவருடையவைதாமா என்பதை அறிய, அவற்றுள் ஒன்றை எவ்வாறு வரைந்தார் என்று கேட்டாலே போதும்.

நான்காவதாக, தேறிய இருவர் அல்லது மூவருக்குச் சிறு மாதிரி வேலையொன்றைக் கூலி கொடுத்து அளிக்க வேண்டும். இலவசமாக மாதிரி கேட்பது நெசவாளிக்குக் கூலியில்லாமல் சேலை நெய்யச் சொல்வதற்கு ஒப்பாகும். கூலியின் அருமை அறிந்த நாம் அதைச் செய்தல் தகாது.

இதன்பின் விலையைப் பார்க்கலாம். ஒருவர் 4,000 ரூபாயும் மற்றவர் 9,000 ரூபாயும் கேட்பதாகக் கொள்வோம். முன்னவர் படம் மட்டும் தருவார். கட்ட வரைபடத்துக்கு வேறொருவருக்கு 6,000 ரூபாய் தரவேண்டும் எனில், குறைந்த விலை உண்மையில் 10,000 ரூபாயாகிறது. "தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினால் தள்ளுபடி தருகிறேன்" என்பவரை உடனே விலக்குக. வெளியே சென்ற பணத்துக்குத் தளத்தின் பாதுகாப்பு இல்லை.

உரிமை பற்றிய இரு செய்திகள் மிகவும் முக்கியமானவை. 1957-ம் வருஷத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியரல்லாத ஒருவர் தயாரித்த வரைபடத்தின் முதல் உரிமையாளர் பொதுவாக வரைந்தவரே. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிடில் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிடில் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். அடுத்தது, 2000-ம் வருஷத்திய வடிவமைப்புச் சட்டம். பதிவு செய்த வடிவத்துக்கு 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே வெளியான வடிவம் பதிவுக்கு உரியதன்று. பணியாளர் நம் கரையைத் தம் பக்கத்தில் காட்சிக்கு வைத்துவிட்டால் அவ்வுரிமையை நாம் இழக்க நேரிடும். ஆகவே, உரிமை மாற்றத்தையும், பதிவு முடியும்வரை வெளியிடாமையையும் வேலை தொடங்கும் முன்பே எழுதிப் பெறுதல் அவசியம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அப்வொர்க் தளத்தில் மொத்தக் கூலி வேலையைப் பணியாளர் ஒப்படைத்தபின் 14 நாட்களுக்குள் நாம் பதில் கூறாவிடில் பணம் தானாகவே அவருக்குச் சென்றுவிடும். மாதம் ஒருமுறை கூடும் நிர்வாகக் குழு விழித்துக்கொள்வதற்குள் கெடு கடந்துவிடலாம். எனவே, வேலையைப் பார்த்து ஏற்கவோ திருத்தம் கோரவோ காரியதரிசிக்கும், தறி அனுபவமுள்ள அங்கத்தினர் ஒருவருக்கும் தீர்மானத்தின் மூலம் முன்னதாகவே அதிகாரம் அளித்தல் நலம்.

சங்கங்களின் ஏடுகளைப் பார்வையிடும்போது நாம் கேட்பது, ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதே. வந்த விலைப்புள்ளிகளின் நகல், ஒப்பீட்டுப் பட்டியல், நீக்கியதற்கும் ஏற்றதற்கும் காரணம், தீர்மானத்தின் எண் ஆகியவை கோப்பில் இருந்தால் எந்த அங்கத்தினர் கேட்டாலும் பதில் கூற இயலும். முகமறியாத ஒருவரிடம் வேலை கொடுக்கும்போது, நேரில் பார்த்துக் கொள்ளும் நம்பிக்கைக்குப் பதிலாக நிற்பது இக்கோப்பு ஒன்றே.