மெஷின் டிகாஷன் ஏன் நீர்த்துப் போகிறது?

மும்பை தாதர்வாசிக்குக் காபிப்பொடி என்றால் அடுத்த ஸ்டேஷனான மாட்டுங்காதான். அங்கே கண்ணெதிரே அரைத்து, சிக்கரி கலந்து தருவார்கள். அதே பொடியைத் தானியங்கி டிரிப் மெஷினில் போட்டால் டிகாஷன் திக்காக இறங்குவதில்லை. ஏன்?

சாதாரண டிரிப் மெஷினில் பம்பு கிடையாது. அடியில் வளைந்த உலோகக் குழாய். அதை ஒட்டி ஹீட்டர். குழாய்க்குள் எழும் ஆவிக் குமிழிகளே வெந்நீரை மேலே தள்ளுகின்றன. நீர் பின்வாங்காமல் ஒரு சின்ன வால்வு தடுக்கிறது. மேலிருந்து சொட்டும் நீர் பொடியைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். நம் பித்தளை ஃபில்டரிலோ பொடியை அழுத்தி வைக்கிறோம், தண்ணீரும் கொஞ்சம்தான், சொட்டி முடிய நேரமாகும். மெஷினின் கணக்கே வேறு: ஒரு பங்கு பொடிக்குச் சுமார் 16 பங்கு நீர். கறுப்புக் காபிக்கு அது அருமை. பால் ஊற்றினால் சப்பென்றாகிவிடும். அந்த மெஷினையே வாங்குவதானால் தண்ணீரைப் பாதியாக்குங்கள். இறங்கியதும் சூட்டுத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கேயே கிடந்தால் கசப்பும் புளிப்பும் ஏறும்.

பால் காபிக்காரர்களுக்கு என் தேர்வு எஸ்பிரெஸ்ஸோ மெஷின். சுமார் 9 பார் அழுத்தத்தில் அரை நிமிடத்தில் கெட்டி டிகாஷன் தரும். கொட்டையைத் தானே அரைக்கும் வகையானால், பொடி போடத் தனி வாய் இருக்கிறதா என்று கேளுங்கள். கொட்டைத் தொட்டியில் சிக்கரிப் பொடியைக் கொட்டவே கூடாது.

மும்பையில் ஒரு வசதி: தான்சா, வைதரணா, பாட்சா ஏரிகளின் நீர் மென்னீர் என்பதால் மெஷினுக்குள் உப்பு படிவது குறைவு. போர்வெல் நீரானால் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.