சிறுநீர் தரும் எச்சரிக்கை

சங்கராபுரம் வட்டாரத்தில் நெல் அறுவடையும் கரும்பு வெட்டும் தொடங்கிவிட்டால், கண்ணாடி விரியனைப் பற்றிய அச்சமும் உடன் வந்துவிடுகிறது. எலியைத் தேடி வயலுக்கு வரும் இப்பாம்பு, வரப்பில் நடப்போரின் காலைத் தீண்டுகிறது. கால் வீங்குவதை அனைவரும் காண்கின்றனர். உள்ளே சிறுநீரகங்கள் செயலிழப்பதை எவரும் காண்பதில்லை.

கடிபட்ட உழவர் ஒருவரை நாம் மருத்துவமனையில் சந்தித்தோம். பச்சிலை கட்டி இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தவர் அவர். "வீக்கம் வடிந்துவிட்டது, சாமி, நேற்றிலிருந்து நீர்தான் பிரியவில்லை" என்றார். வீக்கத்தைவிட அஞ்சத்தக்கது அதுவே என்பதை அவர் அறியவில்லை.

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. அவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, வேண்டியதை மீட்டுக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவே வெளியேற்றுகின்றன. விரியனின் நஞ்சோ இரத்தம் உறையும் ஆற்றலைக் குலைக்கிறது. இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துகிறது. நுண்ணிய நாளங்களை அடைக்கிறது. சிதைந்த சிவப்பணுக்களின் நிறப்பொருளும் சிறுநீரக நுண்குழல்களைப் பாழாக்குகிறது. கடும் வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல், நீர்ப்பாதையை அடைக்கும் கல், வரம்பின்றி விழுங்கும் வலி மாத்திரை ஆகியவையும் இத்தகைய திடீர்ச் செயலிழப்பை விளைவிக்கக்கூடும்.

மருத்துவர் சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாது வைத்துப் பார்க்கிறார். அது உறையாவிடில், நஞ்சு இரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். பின்னர் இரத்தத்திலுள்ள கிரியேட்டினின், பொட்டாசியம் ஆகியவற்றை அளக்கிறார். சிறுநீரையும் மணிதோறும் அளக்கச் செய்கிறார். 50 கிலோ எடையுள்ளவருக்குத் தொடர்ந்து ஆறு மணி நேரம், மணிக்கு 25 மில்லி லிட்டருக்கும் குறைவாகச் சிறுநீர் பிரிந்தால், சிறுநீரகம் தாக்குண்டது எனக் கொள்ளலாம்.

நச்சுமுறி மருந்து இரத்தத்தில் உலவும் நஞ்சை முறிக்கும். ஏற்கெனவே சிதைந்த சிறுநீரகத்தைச் சீராக்காது. ஆகவேதான் ஒவ்வொரு மணி நேரமும் விலைமதிப்பற்றது. வடநெம்மேலியில் 1978-ஆம் ஆண்டு அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்தும் இம்மருந்து தயாராகிறது. காலம் தாழ்ந்தோருக்கு இரத்தச் சுத்திகரிப்புத் தேவைப்படலாம். எனினும் பலர் சில வாரங்களில் நலம் பெறுகின்றனர். நாம் கண்ட உழவரும் அவ்வாறே வீடு திரும்பினார்.

குடும்பத் தலைவர்களே, கடிவாயைக் கீறாதீர்கள், கயிற்றால் இறுக்காதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், காலை அசைக்காமல், 108 ஊர்தியை அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கடிபட்ட நேரத்தையும், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரத்தையும், அதன் நிறத்தையும் மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். கூச்சத்தால் மறைக்கும் அந்த ஒரு செய்தியே ஓர் உயிரின் விலையாகிவிடக்கூடும்.