கடல் கடக்கும் முன் கேட்க வேண்டிய எண்

மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு ரயிலில் வருகிறவர்கள் தட்டப்பாறை என்ற சின்ன ஸ்டேஷனைக் கடந்துதான் வர வேண்டும். பலருக்கு அது பெயர்ப்பலகை மட்டுமே. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஊரில் ஒரு முகாம் இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தொற்றுநோய்க்குப் பயந்து அங்கே சில நாட்கள் தடுத்து வைத்தார்கள். பிறகு தூத்துக்குடியில் கப்பலேற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், அருந்ததியர் என நிலமற்ற சேரி மக்கள்.

இந்தப் பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சமீபத்தில் ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு காலனிக்குப் போயிருந்தோம். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்த ஒரு தம்பி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வளைகுடாவுக்குப் போய் இரண்டு மாதத்தில் திரும்பியவர். "கம்பெனி விசா" என்று சொல்லி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். கையில் கிடைத்ததோ விசிட் விசா. "அங்க போய் மாத்திக்கலாம்" என்றாராம் ஏஜென்ட். அங்கே போனதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சம்பளம் வரவில்லை. டிக்கெட்டுக்கும் கடன் வாங்கித்தான் ஊர் திரும்பியிருக்கிறார்.

அவருடைய அப்பா உப்பளத் தொழிலாளி. "யார்கிட்ட குடுத்தீங்க?" என்று கேட்டோம். "நம்ம சொந்தக்காரப் பையன்தான் தம்பி. ரசீது கேட்டா மரியாதையா இருக்குமா?" என்றார். வீட்டம்மாவின் சங்கிலி இன்னும் அடகில் இருக்கிறது. குழுக் கடனுக்கு வாரந்தோறும் ஆள் வந்து நிற்கிறார்.

இதைக் கேட்டதும் நமக்குக் கங்காணியின் நினைவு வந்தது.

கங்காணியும் துண்டும்

கங்காணி வெளியாள் அல்ல. தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தவர். பல நேரம் சொந்தச் சாதிக்காரர், உறவுக்காரர். வழிச்செலவுக்கும் வீட்டில் விட்டுப்போகும் கிழடுகளுக்கும் முன்பணம் கொடுப்பார். அந்தப் பணம் தோட்டத்தில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் "துண்டு" என்ற சீட்டு வேண்டும். இந்தத் தொழிலாளிக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இவரை விடுவோம் என்பதுதான் அதில் இருக்கும் செய்தி. மனிதரின் விலை எழுதிய சீட்டு அது. 1921இல்தான் இலங்கையில் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

1922இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. ஆள் சேர்க்கும் கங்காணிக்கு உரிமம் வேண்டும் என்ற நடைமுறை அதை ஒட்டி வந்தது. அந்தச் சட்டம் "திறன் உள்ள வேலை", "திறன் இல்லாத வேலை" என்று தொழிலை இரண்டாகப் பிரித்தது. மண்ணை வெட்டுவதும் கொழுந்து கிள்ளுவதும் திறன் இல்லாத வேலையாம்! 1939இல் இலங்கைக்கு அப்படிப்பட்ட ஆட்களை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. 1948இல் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப் பேசி முடித்தது. போகச் சொன்னதும் வரச் சொன்னதும் மற்றவர்கள். போனவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இன்றைய சட்டம் சொல்வது

இன்று நடப்பில் உள்ளது 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம். அதன்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவுச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டு முதலாளியும் பதிவு பெற்ற ஏஜென்ட் வழியாகவோ, தனி அனுமதி பெற்றோதான் ஆள் எடுக்கலாம்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் "இ.சி.ஆர்." என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் சவூதி, குவைத், கத்தார், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்காக வெளிநாட்டு முதலாளி "இ-மைக்ரேட்" என்ற அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகம் அவரைச் சரிபார்க்கும். எத்தனை ஆள் தேவை, என்ன சம்பளம், எத்தனை மணி நேர வேலை, தங்குமிடம் யார் பொறுப்பு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

ஆனால் நம் பிள்ளைகள் அந்த இ.சி.ஆர். குறிப்பை அவமானமாக நினைக்கிறார்கள். அதை நீக்கப் போலிச் சான்றிதழ் வாங்கி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. உண்மையில் அந்தக் குறிப்புதான் முதலாளியைச் சோதிக்க வைக்கும் பூட்டு. நாம் சந்தித்த வெல்டர் தம்பி பத்தாம் வகுப்பு தேறியவர். அவருக்கு அந்தக் குறிப்பு கிடையாது. படித்ததால் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே நின்றார். ஆனாலும் ஏஜென்ட் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற விதி அவருக்கும் பொருந்தும். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கட்டணத்துக்கும் வரம்பு இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீது தர வேண்டும். பதிவில்லாமல் ஆள் எடுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அபராதமோ 1983இல் எழுதிய அதே 2,000 ரூபாய்தான். ஒரு வீட்டில் லட்சத்துக்கு மேல் சுருட்டுகிறவர் இந்த அபராதத்துக்கு ஏன் பயப்படப் போகிறார்?

கப்பல் வேலை தேடும் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சட்டம் வேறு. கப்பலுக்கு ஆள் சேர்க்கும் நிறுவனம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் பெற்றிருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் அவர்கள் பணம் வாங்கக் கூடாது. கேட்டாலே அது தப்பான இடம் என்று எழுந்து வந்துவிடலாம்.

முத்திரை மட்டும் போதுமா?

முதலாளிக்கு அங்கீகாரம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. நியூசிலாந்து 2022இல் "அங்கீகாரம் பெற்ற முதலாளி" என்ற விசா முறையைக் கொண்டுவந்தது. அங்கீகாரம் உள்ள முதலாளிதான் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்க முடியும். 2023இல் ஆக்லாந்து நகரத்தில் இந்தியர்களும் வங்கதேசத்தவர்களும் வேலையும் சம்பளமும் இல்லாமல் சில வீடுகளில் நெருக்கியடித்துக் கிடந்தது வெளியே வந்தது. பெரும் பணம் கட்டி அந்த விசாவில்தான் போயிருந்தார்கள். முதலாளி எழுதிக் கொடுத்ததை நம்பி முத்திரை குத்தினால் இதுதான் நடக்கும். நேரில் போய்ப் பார்க்கிற அதிகாரியும் புகார் சொல்லத் துணிகிற தொழிலாளியும் இருந்தால்தான் அங்கீகாரத்துக்கு அர்த்தம்.

நம் காலனிகளில் அந்தத் துணிவு வருவது எளிதல்ல. கடன் வாயை அடைக்கிறது. ஏமாற்றியவர் சொந்தக்காரராக இருக்கிறார். நிலம் இருப்பவர் ஏமாந்தால் அரை ஏக்கரை விற்றுத் தலை நிமிர்வார். நமக்கு விற்க ஒன்றும் இல்லை. அடுத்த பத்து வருட உழைப்பைத்தான் அடகு வைக்கிறோம்.

என்ன செய்யலாம்?

மாணவர்களே, வீட்டில் யாராவது வெளிநாடு போகிறார்கள் என்றால் நீங்கள்தான் அவர்களின் கண். ஏஜென்ட்டிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். இ-மைக்ரேட் தளத்தில் அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று செல்போனிலேயே பார்த்துவிடலாம். "நான் பெரிய ஏஜென்ட்டோட ஆளு" என்று சப்-ஏஜென்ட் சொன்னால் அந்தப் பெரிய ஏஜென்ட்டின் அலுவலகத்துக்கே நேராகப் பேசுங்கள். விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். ஒப்பந்தத்தின் நகலையும் பாஸ்போர்ட் நகலையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு எடுத்தால் விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ பத்து லட்சம் ரூபாய் கிடைக்கும். பிரீமியம் சில நூறு ரூபாய்தான்.

தமிழ்நாடு அரசுக்கே வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று பெயர். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருந்தால், முப்பது வயது கடந்தவர்களாக, இதுபோன்ற அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். தனியார் ஆள் வந்து அழைத்தால் அது சட்டத்துக்குப் புறம்பானது.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியலைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்ட வேண்டும். தாட்கோவில் தொழிற்பயிற்சி முடிக்கும் பிள்ளைகளை அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தோடு இணைத்து, போவதற்கான செலவுக்குக் குறைந்த வட்டியில் கடன் தர வேண்டும். 2,000 ரூபாய் அபராதத்தை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும்.

புறப்படும்போது அந்த வெல்டர் தம்பியிடம் மறுபடி போவீர்களா என்று கேட்டோம். "போகாம இந்தக் கடன எப்படிண்ணே அடைக்க?" என்றார். சற்று நேரம் கழித்து, "அந்த எண்ண எங்க பாக்கணும், சொல்லுங்க" என்று செல்போனை நீட்டினார். அவருடைய அப்பாவும் எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்தார்.