சொற்பட்டறை 14 – கொத்தி, கொல்லி, உண்ணி

சென்ற வாரம் ஊறுகாய், சுடுசோறு, குடிநீர் என வினைத்தொகைகளைப் பார்த்தோம். காலம் காட்டாத வினை ஒன்று, அதன் பக்கத்தில் ஒரு பெயர். இந்த வாரம் அந்தப் பெயரும் காணாமல் போகிறது. மரங்கொத்தி என்ற சொல்லில் பறவை எங்கே இருக்கிறது? மரம் இருக்கிறது, கொத்துவது இருக்கிறது. பறவை முழுவதையும் சுமந்து நிற்பது கடைசியில் ஒட்டிய ஓர் இகரம்தான்.

மண்வெட்டி, பாக்குவெட்டி, வடிகட்டி, படகோட்டி, வழிகாட்டி எல்லாம் இதே வார்ப்பு. 'வெட்டிப் போட்டான்', 'ஓட்டி வந்தான்' என்பவற்றில் வரும் வினையெச்சம்தானே இது என்று பலர் எண்ணுகிறார்கள். உருவம் ஒன்றுபோல் இருப்பதால் வந்த மயக்கம். 'கொல்' என்ற வினையை எடுத்துக்கொண்டால் தெளிந்துவிடும். அதன் வினையெச்சம் 'கொன்று'. உரக்கடையில் நாம் கேட்டு வாங்குவதோ பூச்சிக்கொல்லி. ஆக, இந்த இகரம் வேறு. வினையடியின் மேல் நேரே ஏறி அதைப் பெயராக்கிவிடும் தனி விகுதி இது.

கொல்லிக்கு வயது அதிகம். வள்ளுவர் சினத்துக்குச் சேர்ந்தாரைக்கொல்லி என்று பெயர் சொல்கிறார். தன்னைச் சேர்ந்தவரையே கொல்வது என்பதால் நெருப்புக்கு ஆன பெயரை அவர் சினத்துக்கு ஏற்றுகிறார். 'சேர்ந்தாரை' என்பதிலுள்ள ஐ உருபுகூட உதிராமல் சொல்லுக்குள் நிற்கிறது. ஒரு வாக்கியத்தையே மடித்து வைத்து, நுனியில் இகரத்தால் முடிச்சுப் போட்டதுபோல. தொட்டாற்சிணுங்கி இன்னும் ஒரு படி மேலே போகிறது. 'தொட்டால்' என்ற நிபந்தனையே பெயருக்குள் வந்துவிட்டது. அந்தச் செடி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து இங்கே பரவியது. விரல் பட்டதும் இலை மூடுவதைப் பார்த்த மக்கள் பார்த்ததையே பெயராக்கிவிட்டார்கள். மலையாளத்தில் அதே செடி தொட்டாவாடி. வினை மாறியிருக்கிறது, விகுதி மாறவில்லை.

இகரம் எப்போதும் செய்பவரையே குறிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மாட்டின் தோலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறதே, அது உண்ணி. உண்பது அதுதான். ஊருணி என்பதும் 'உண்' என்ற அதே வினையிலிருந்து வந்தது. ஆனால் அங்கே உண்பது ஊர், உண்ணப்படுவது குளத்து நீர். மண்வெட்டியிலோ வெட்டுபவர் வேறொருவர். இகரம் அவர் கையிலுள்ள கருவியைச் சுட்டுகிறது. வினைமுதல், செயப்படுபொருள், கருவி என்று இலக்கண நூல்கள் பிரித்து வைத்த மூன்று இடங்களிலும் இந்த ஓரெழுத்து புழங்குகிறது. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் 'ஊரணி' என்று இன்றும் பேச்சில் வழங்குபவர்களுக்கு இந்த இலக்கணம் தேவைப்பட்டதே இல்லை.

இந்த வார்ப்பில் எனக்கு நெருக்கமான சொல் சுமைதாங்கி. நட்ட இரண்டு கற்களின் மேல் குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து இளைப்பாறலாம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக வீட்டார் நட்டவை அவற்றில் பல. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுக்காக, வழிப்போக்கர் சுமையைத் தாங்க ஒரு கல். அந்த வழக்கத்தை அறிந்த பிறகு இச்சொல்லை வெறும் கருவிப்பெயராக என்னால் வாசிக்க முடிவதில்லை.

ஒற்றுப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது. அதனால்தான் வழிகாட்டி, இடிதாங்கி. பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் வழக்கில் மிகுந்தே நிலைத்துவிட்டன. அவற்றைத் திருத்தப் போவது வீண்வேலை.

அறிவியல் தமிழுக்கு இந்த விகுதி அள்ளிக் கொடுத்திருக்கிறது. தொலைநோக்கி, நுண்ணோக்கி, மின்மாற்றி, குறைகடத்தி. இவற்றுள் வினையூக்கி தனி அழகு. வேதிவினையை ஊக்குவது என்ற செய்தி முழுதும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டது. செயலி அப்படி அமையவில்லை என்பது என் கருத்து. கொத்தி, கொல்லி, தாங்கி ஒவ்வொன்றும் ஒரு தனித்த தொழிலைச் சொல்கின்றன. செயல் எல்லாவற்றுக்கும் பொது. அதனால்தான் நுண்செயலி என்று கணினியின் உள்ளுறுப்புக்கும், செயலி என்று கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் மென்பொருளுக்கும் அதே சொல் போய் நிற்கிறது. இருந்தாலும் மக்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அது இனி மாறாது.

தொழிலை ஆள்பவர் தொழிலாளி என்றால், நோயாளி எதை ஆள்கிறார்? 'ஆளி' அடுத்த வாரம்.