மாடு மாதிரி இல்லை குதிரை! தர்மபுரி வெயிலில் மேய்ச்சல் குதிரையைக் காப்பது எப்படி?

ஏப்ரல் பிறந்துவிட்டால் தர்மபுரியில் வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். ஊர்த் திருவிழா, கல்யாண சாரட் என்று குதிரைக்கு வேலை வருவதும் இந்த மாதங்களில்தான். வேலை முடிந்ததும் ஏரிக்கரையிலோ, அறுவடை முடிந்த காட்டிலோ முளை அடித்துக் கட்டிவிட்டால் அது பாட்டுக்கு மேயும் என்று பலர் நினைக்கிறார்கள். நாட்டு மாடு அதைத் தாங்கும். குதிரை தாங்காது.

குதிரைக்கு இடம் பார்ப்பதில் கிழக்கிந்தியக் கம்பெனி கெட்டிக்காரத்தனமாக இருந்தது. ராணுவக் குதிரைகளுக்காக 1824-ல் அது பண்ணை அமைத்தது ஓசூரை அடுத்த மத்திகிரியில். சுமார் 3,000 அடி உயரம், பெங்களூரை ஒட்டிய குளிர்ச்சி, 1,600 ஏக்கருக்கும் மேல் நிலம். அதுதான் இன்று அரசின் மாவட்டக் கால்நடைப் பண்ணை. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகும்வரை ஓசூரும் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனால் தர்மபுரி நகரம் இருப்பது ஏறத்தாழ 1,500 அடியில். ஓசூரின் குளிர்ச்சி இங்கே இல்லை. அதை வளர்ப்பவர்தான் ஈடுகட்ட வேண்டும்.

அசை போடாத வயிறு

மாடு காலையில் வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, மதியம் வேப்ப மரத்தடியில் படுத்து அசை போடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. அதன் இரைப்பை உடம்பின் அளவுக்கு மிகச் சிறியது. அமிலமோ நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்குப் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் மேய்வது அதன் இயல்பு. 'வெயிலுக்குப் பயந்து பத்து மணிக்கே கொட்டகையில் கட்டிவிட்டேன்' என்பவர் பாதி சரியாகத்தான் செய்திருக்கிறார். மாலை நான்கு மணி வரை வெறும் வாயோடு நின்றால் வயிறு புண்ணாகும். நிழலிலும் முன்னால் காய்ந்த புல் கிடக்க வேண்டும். விடியற்காலையும் இரவும்தான் மேய்ச்சலுக்கு ஏற்ற நேரம்.

ராகித் தாளும் சோளத்தட்டும் மட்டும் போட்டால் சிக்கல். காய்ந்த, முரட்டுத் தீவனத்துக்கு மேல் தண்ணீரும் குறைந்தால் குடலில் அடைத்துக்கொள்ளும். மேய்ந்து மேய்ந்து கட்டாந்தரையாகிப்போன இடத்தில் புல்லோடு மண்ணும் வயிற்றுக்குள் போகும். நேப்பியர் புல்லையே முழுநேரத் தீவனமாக்குவதும் நல்லதல்ல. அதிலுள்ள ஆக்சலேட், கால்சியம் உடம்பில் சேராமல் தடுத்து எலும்பைப் பலவீனமாக்கும். அருகம்புல் கிடைத்தால் அதற்கு ஈடில்லை.

தண்ணீரில் கஞ்சத்தனம் வேண்டாம்

சாதாரண நாளிலேயே ஒரு குதிரை 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். கோடையில் வேலையும் சேர்ந்தால் இரண்டு மடங்கு. வெயிலில் கொதிக்கும் பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரை அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். தொட்டி நிழலில் இருக்கட்டும். உடம்பெல்லாம் வியர்க்கும் பிராணி என்பதால் உப்பும் நிறைய வெளியேறுகிறது. தினமும் 30 கிராம் அளவுக்கு உப்பு கொடுக்கலாம், தண்ணீர் தாராளமாக இருந்தால் மட்டும்.

மூச்சிரைப்பு அடங்காமல், தள்ளாடி, வியர்வையும் நின்றுபோனால் அது வெப்பத்தாக்கு. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து; இயல்பு 38-ஐ ஒட்டியது. 'சூட்டு உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் நரம்பு இழுத்துக்கொள்ளும்' என்ற பயம் பல ஊர்களில் உண்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிகளுக்காக நடந்த ஆய்வுகள் இந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டின. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை விடாமல் ஊற்ற வேண்டும். ஈரச் சாக்கைப் போர்த்திவிடுவது கூடாது. அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.

கல்யாணத்துக்கு வெள்ளைக் குதிரைக்குத்தான் கிராக்கி. ஆனால் மூக்கிலும் கண்ணோரத்திலும் ரோஸ் நிறத் தோல் உள்ள குதிரைக்கு வெயில் புண்ணும் எளிதில் வரும். நெற்றிப்பட்டம் வாங்கும் செலவில் ஒரு பங்கு துத்தநாகக் களிம்புக்குப் போகலாம்.

கைக்கெட்டும் விஷம்

பசுமை காய்ந்த காலத்தில் பசித்த குதிரை வேலிச் செடியைக் கடிக்கும். நெடுஞ்சாலை நடுத்திட்டிலும் வீட்டு வேலியிலும் நிற்கும் அரளி, காய்ந்த இலையாக இருந்தாலும் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது. உண்ணிச்செடி கல்லீரலைக் கெடுக்கும். விலை மலிவு என்று கோழித் தீவனம் வைப்பது இன்னொரு விபரீதம். கோழிகளின் ரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கப்படும் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே குதிரையைக் கொன்றுவிடும்.

முன்னங்காலால் தரையைப் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, புரள்வது, சாணம் போடாமலிருப்பது, இவையெல்லாம் வயிற்றுவலியின் அறிகுறிகள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே சேர்வது அழுத்தமாகி இரைப்பையே கிழிந்துவிடலாம். மாட்டுக்குப் புகட்டுவது போல மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு. தீவனத்தை எடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அவசரத்துக்கு 1962 என்ற இலவச எண் இருக்கிறது.

கோடை மழை பெய்து பசும்புல் தலைகாட்டியதும் குதிரையை அவிழ்த்துவிடக் கை பரபரக்கும். முதல் நாள் அரை மணி நேரம் போதும். பத்து நாளில் மெல்லக் கூட்டலாம். பக்கத்துக் காட்டில் துளிர்த்திருக்கும் இளஞ்சோளப் பயிர்ப் பக்கம் மட்டும் விடவே கூடாது. அதில் விஷம் இருப்பது மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.